வரிக்கு வீடு, மற்றதுக்கெல்லாம் விடுதி: ஓசூர் ஹாஸ்டல் கட்டில் யாருடையது?

ஆம்ஸ்டர்டாமுக்கு டூர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டல் ரூம் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது. மொபைலில் ஹாஸ்டல் தேடுகிறீர்கள். எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில். மேல் கட்டிலா கீழ் கட்டிலா, பெண்களுக்கு மட்டுமான அறையா, லாக்கர் இருக்கா, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறக்குமா என்று எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். ஏற்கெனவே தங்கியவர்கள் எழுதிய ரிவ்யூவையும் படித்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறீர்கள். போய்ப் பார்த்தால் பிடிக்கவில்லையா? மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஹாஸ்டலுக்குப் போய்விடலாம்.

இப்போது வேப்பனப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரம். கொஞ்ச தூரம் போனால் கர்நாடகா, இன்னொரு பக்கம் ஆந்திரா. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும் ஊர். இங்கிருந்து பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, ஓசூர் பக்கம் ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதும் அதே மாதிரி ஒரு கட்டில், ஒரு லாக்கர்தான். ஆனால், அவர் அதை ரிவ்யூ படித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. வேலையோடு சேர்ந்தே வருகிற கட்டில் அது. பிடிக்கவில்லை என்றால் ஹாஸ்டலை மட்டும் மாற்றுவது கஷ்டம். வேலையையே விட வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் பெயர் ஹாஸ்டல்தான். ஆனால், ஒன்றில் தங்குபவர் வாடிக்கையாளர். இன்னொன்றில் அவர் யார்? நம் சட்டங்கள் இந்தக் கேள்விக்கு இன்னும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. வரித் துறைக்கு அது இப்போது ‘வீடு’. மற்ற எல்லாருக்கும் இன்னும் ‘விடுதி’. இந்த முரண்பாட்டைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

ஓசூரைச் சுற்றி ஏன் இத்தனை ஹாஸ்டல்?

ஓசூருக்குத் தொழிற்சாலை புதுசு இல்லை. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்தன. அந்தத் தலைமுறைத் தொழிலாளர்களில் பலர் நிரந்தர வேலைக்காரர்கள். வாடகைக்கு வீடு பிடித்தார்கள், பிறகு மனை வாங்கினார்கள், குடும்பத்தோடு குடியேறினார்கள். ஓசூர் என்ற ஊரே அப்படித்தான் வளர்ந்து, 2019-ல் மாநகராட்சியும் ஆனது.

இப்போது வந்திருப்பது வேறு மாதிரி அலை. உத்தனப்பள்ளி பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை. இந்த மாதிரி ஆலைகள் இளம் பெண்களைத்தான் அதிகம் தேடுகின்றன. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் வேணும், மூன்று ஷிப்ட் ஓடணும். உள்ளூரில் அவ்வளவு பேர் கிடைப்பதில்லை. தருமபுரி, திருவண்ணாமலை, டெல்டா மாவட்டங்கள், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள்.

இதே மாவட்டத்துக்குள் இருந்தாலும் வேப்பனப்பள்ளியிலிருந்து தினமும் போய் வருவது லேசு இல்லை. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. நைட் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு கிராமத்துக்குப் பஸ் இருக்காது. அதனால்தான் கம்பெனி பஸ், கம்பெனி ஹாஸ்டல். அது இல்லாத இடத்தில் தனியார் பிஜி. பெற்றோர் பெண்ணை வேலைக்கு அனுப்பச் சம்மதிப்பதற்கே பல வீடுகளில் காரணம், “ஹாஸ்டல் இருக்கு, பஸ் இருக்கு” என்ற அந்த ஒரு வரிதான். அதனால் ஹாஸ்டலே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணுக்கு முதல் சம்பளம் கிடைக்கக் கதவு திறந்தது இதன் வழியாகத்தான்.

ஜிஎஸ்டி சண்டை: வீடா, லாட்ஜா?

ஹாஸ்டல் என்றால் சட்டப்படி என்ன என்ற கேள்வி சூடு பிடித்தது தொழிலாளர் துறையில் இல்லை, வரித் துறையில்.

குடியிருப்பதற்காக வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. தினசரி ரூ.1,000-க்கும் குறைவான லாட்ஜ் அறைகளுக்கும் முன்பு விலக்கு இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்த லாட்ஜ் விலக்கு நீக்கப்பட்டு, 12% வரி வந்தது. உடனே கேள்வி எழுந்தது: மாதக் கணக்கில் தங்கும் ஹாஸ்டலும் பிஜியும் எந்தப் பக்கம்? 2023-ல் கர்நாடகத்தின் முன் தீர்ப்பு ஆணையம், பிஜியும் ஹாஸ்டலும் குடியிருப்பு வீடு ஆகாது, வரி உண்டு என்றது. தமிழ்நாட்டிலும் விடுதி நடத்துபவர்களுக்கு அதே சிக்கல் வந்தது.

இதில் உங்கள் பாக்கெட்டுக்கு என்ன? மாதம் ரூ.6,000 வாடகை என்று எடுத்துக்கொள்வோம். 12% என்றால் மாதம் ரூ.720. வருஷத்துக்கு ரூ.8,640. அதாவது, ஒரு மாத வாடகைக்கும் மேல். தனி வீடு எடுக்கிற வசதி உள்ளவருக்கு வரி இல்லை. ஆறு பேர் பகிரும் அறையில் ஒரு கட்டில் எடுப்பவருக்கு வரி. லாஜிக் எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. பெண்கள் விடுதி நடத்துபவர்கள் தொடுத்த வழக்கில் 2024 மார்ச் 22-ல் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வரி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது, நடத்துபவர் செய்வது வியாபாரமா என்பது இல்லை. தங்குபவர் அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான். வேலைக்குப் போகும் பெண்ணும் படிக்கும் பெண்ணும் அங்கே வாழ்கிறார்கள். அப்படியானால் அது குடியிருப்புதான், வரி கிடையாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

மூன்றே மாதத்தில் ஜிஎஸ்டி கவுன்சிலும் இறங்கி வந்தது. 2024 ஜூன் 22-ல் நடந்த 53-வது கூட்டத்தில், ஒருவருக்கு மாதம் ரூ.20,000 வரையிலான தங்குமிடக் கட்டணத்துக்கு விலக்கு கொடுக்க முடிவானது. ஒரே ஒரு கண்டிஷன்: தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கியிருக்க வேண்டும். ஹோட்டல்கள் இந்த வழியில் நழுவிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 90 நாள்.

இந்தக் கோடு யாரை வெளியே தள்ளுகிறது என்றும் பார்க்கணும். இரண்டு மாத ஒப்பந்தத்தில் வந்து, வேலை முடிந்து வேறு ஊருக்குப் போகும் தொழிலாளி 90 நாளைத் தொடுவதே இல்லை. ஆண்டு வருமானம் ரூ.20 லட்சத்தைத் தாண்டாத சின்ன பிஜி என்றால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, தப்பிக்கலாம். பெரிய விடுதி என்றால் அவர் கணக்கில் டூரிஸ்ட் மாதிரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு வரி 5% ஆகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல்.

ஐரோப்பாவில் கதை எப்படி?

ஐரோப்பிய ஹாஸ்டலும் எடுத்த எடுப்பிலேயே ஜாலியான இடமாக இருந்ததில்லை. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியருக்கு 1909-ல் இந்த யோசனை வந்தது. மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனபோது மழையில் மாட்டிக்கொண்டார்கள். ஒதுங்க இடம் இல்லை. ஊர் ஊருக்கு மலிவான ஒரு தங்குமிடம் வேணும் என்று முடிவெடுத்து, சில ஆண்டுகளில் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் ஒன்றை அமைத்தார். அந்தக் கோட்டை விடுதிதான் உலகத்துக்கே முன்மாதிரி.

அந்தக் கால விடுதிகளின் விதிகளைப் படித்தால் நம்ம ஊர் ஹாஸ்டல் போர்டு மாதிரியே இருக்கும். ராத்திரி இத்தனை மணிக்குள் உள்ளே வரணும். பகலில் அறையைக் காலி பண்ணிவிட்டு வெளியே போகணும். வந்தவர்களே பெருக்கணும், பாத்திரம் கழுவணும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறை. 1930-ல் இங்கிலாந்தில் தொடங்கிய இளைஞர் விடுதிச் சங்கத்திலும் பல காலம் இப்படித்தான்.

இந்த விதிகள் எப்படித் தளர்ந்தன? யாரோ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததால் மட்டும் இல்லை. போட்டி வந்தது. கதவை இழுத்துப் பூட்டுகிற விடுதியை விட்டுவிட்டு, சாவியைக் கையில் கொடுக்கிற விடுதிக்குப் பயணிகள் போக ஆரம்பித்தார்கள். விட்டுவிட்டுப் போக முடிகிற ஆளுக்கு மரியாதை கிடைக்கிறது.

வரி விஷயத்தில் ஐரோப்பா வேறு வழியில் போகிறது. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் தங்குமிடக் கட்டணத்தில் 12.5% சுற்றுலா வரி. அதோடு நெதர்லாந்து அரசு 2026 ஜனவரி 1 முதல் தங்குமிடங்களுக்கான மதிப்புக் கூட்டு வரியை 9%-லிருந்து 21% ஆக்கிவிட்டது. 30 யூரோ கட்டில், வரிகள் சேர்ந்தால் 40 யூரோவைத் தொடும். நாலு நாள் வந்து போகிறவர் ஊருக்கு ஏற்படுத்தும் நெரிசலுக்குக் கொஞ்சம் கொடுக்கட்டும் என்பது அவர்கள் வாதம். கோபம் வந்தாலும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது: விருந்தாளி வேறு, குடியிருப்பவர் வேறு. வரி விஷயத்தில் மட்டும் இந்தியாவும் 90 நாள் கோட்டைப் போட்டு அதைத்தான் சொல்லியிருக்கிறது. பிரச்சினை, அந்தக் கோட்டுக்கு அப்புறம் என்ன என்பதுதான்.

வீடு என்றால், வீட்டின் உரிமை எங்கே?

வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கும். எப்போது காலி செய்யச் சொல்லலாம், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்று எழுதியிருக்கும். சாவி அவரிடம் இருக்கும். அம்மா வந்தால் உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுக்கலாம்.

ஹாஸ்டலில்? மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் தங்கினாலும் இதில் எதுவும் நிச்சயம் இல்லை. வேலை போனால் கட்டிலும் போகும். வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க நினைக்கிறவருக்கு, ராத்திரி எங்கே படுப்பது என்ற பயமும் சேர்ந்து வரும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை மறந்துவிட முடியாது. மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, ஆலை வளாக விடுதிகளிலேயே இளம் பெண்களை வைத்திருந்த முறை அது. அங்கே வேலையும் விடுதியும் ஒரே பூட்டில் இருந்தன. இன்றைய எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளை அதோடு ஒன்றாக வைப்பது நியாயம் இல்லை. ஆனால், முதலாளியும் வீட்டுக்காரரும் ஒரே ஆளாக இருக்கும்போது என்ன ஆகலாம் என்பதற்கு அது நம்ம ஊர்ப் பாடம்.

சட்டமே இல்லையா?

இருக்கிறது. 2014-ல் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் இரண்டு சிறுமிகளுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு அதே ஆண்டு கொண்டுவந்தது. இப்படிப்பட்ட விடுதி நடத்த கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். வார்டன், பாதுகாவலர், சிசிடிவி என்று விதிகள் இருக்கின்றன.

நல்ல சட்டம்தான். ஆனால், அது ஹாஸ்டலைப் பார்க்கும் கோணத்தைக் கவனியுங்கள். ஆபத்து வெளியிலிருந்து வரும். சுவரும் கேட்டும் கேமராவும் போட்டால் தடுக்கலாம் என்பதுதான் அதன் மையம். உள்ளே இருப்பவர் பாதுகாக்கப்பட வேண்டியவர். வாடகை உரிமை உள்ள வயது வந்த ஒரு குடியிருப்பவர் என்ற பார்வை அதில் குறைவு.

அந்தக் கோணம் போதாது என்று இரண்டு சம்பவங்கள் காட்டின. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. தங்குமிடங்கள் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விஷயம் உலகச் செய்தி ஆனது சாலை மறியலுக்குப் பிறகு.

இரண்டாவது, நம்ம மாவட்டத்தில். 2025 நவம்பரில், உத்தனப்பள்ளி அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் வெளியே வந்து போராடினார்கள். அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணும் அவருடைய ஆண் நண்பரும் கைது செய்யப்பட்டார்கள். கேட், வாட்ச்மேன் எதுவும் இங்கே உதவவில்லை. ஏனென்றால், ஆபத்து உள்ளேயே இருந்தது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். பெண்கள் சொன்னதைக் கேட்க வைத்தது சாலையிலும் வாசலிலும் கூடிய கூட்டம். பத்துப் பேர் போய் அமைதியாகச் சொன்னாலே நடவடிக்கை வரும் என்ற நம்பிக்கையைத் தரும் ஓர் அமைப்பு அந்தப் பெண்களுக்கு இல்லை.

அரசு கட்டினால் சரியாகுமா?

அரசும் இறங்கியிருக்கிறது. தமிழ்நாடு பணிபுரியும் மகளிர் விடுதிகள் நிறுவனம் ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. பயோமெட்ரிக் நுழைவு, வைஃபை, ஆன்லைன் புக்கிங் எல்லாம் உண்டு. ஓசூரும் இந்தத் திட்டத்தில் இடம்பெற்ற ஊர்தான். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் ரூ.706.50 கோடியில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மத்திய பட்ஜெட்டும் 2024 ஜூலையில், தொழிலாளர்களுக்கு டார்மிட்டரி வகை வாடகைக் குடியிருப்புகளை அரசு–தனியார் கூட்டில் கட்டுவோம் என்றது.

கட்டில் எண்ணிக்கை கூடுவது அவசியம்தான். ஆனால், ‘தோழி’ மாதிரி விடுதியின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர் உங்கள் முதலாளி இல்லை. வேலையை மாற்றினாலும் கட்டில் மாற வேண்டியதில்லை.

விதிகளை எண்களில் எழுதுவது எப்படி என்று பார்க்க சிங்கப்பூர் போகலாம். நம்ம ஊர்க்காரர்கள் பல்லாயிரம் பேர் அங்கே தொழிலாளர் விடுதிகளில்தான் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா அந்த நெருக்கமான அறைகளில் தீயாகப் பரவியது. அதற்குப் பிறகு புதிய விடுதிகளுக்குத் தரம் நிர்ணயித்தார்கள்: ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டர். சிங்கப்பூர் விடுதி சொர்க்கம் இல்லை. ஆனால், ‘நெருக்கடி’ என்று ஒருவர் புகார் சொன்னால் டேப் வைத்து அளந்து பார்க்க அங்கே ஒரு எண் இருக்கிறது.

சரி, என்ன மாறணும்?

முதலில், எழுத்தில் ஒரு ஒப்பந்தம். 90 நாளுக்கு மேல் தங்குபவர் வரிச் சட்டத்துக்கு ‘குடியிருப்பவர்’ என்றால், அட்வான்ஸ், நோட்டீஸ் காலம், கட்டண உயர்வு மூன்றும் அவர் கையில் காகிதமாக இருக்கணும்.

இரண்டாவது, வேலை போன அன்றே கட்டில் போகக் கூடாது. குறைந்தபட்சம் வேறு இடம் தேட ஒரு மாத அவகாசம் வேணும்.

மூன்றாவது, தங்குபவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு. ஒடிசா பெண்ணும் வேப்பனப்பள்ளிப் பெண்ணும் அவரவர் மொழியில் பேச முடிகிற குழு. சாப்பாடு, குளியலறை, பாதுகாப்பு பற்றிய புகாரை வார்டனைத் தாண்டி மாவட்ட நிர்வாகத்துக்கு நேராகக் கொண்டுபோக அதற்கு வழி இருக்கணும்.

கேட் மூடும் நேரம் பற்றிய விவாதம் கொஞ்சம் சிக்கலானது. அந்த நேரக் கட்டுப்பாட்டை நம்பித்தான் பல பெற்றோர் அனுப்புகிறார்கள். ஆனால், நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ராத்திரி போய் வரலாம், லீவு நாளில் எட்டரைக்கு மேல் கடைக்குப் போகக் கூடாது என்றால், அது பாதுகாப்புக்கான விதியா, கட்டுப்பாட்டுக்கான விதியா? அதை வார்டன் மட்டும் முடிவு செய்யாமல், அங்கே தங்கும் குழுவும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

நீங்களோ உங்கள் தங்கச்சியோ ஓசூர் பக்கம் வேலைக்குக் கிளம்புவதாக இருந்தால், சேருவதற்கு முன்பே கேட்க வேண்டியவை: விடுதிக்குக் கலெக்டர் உரிமம் இருக்கா? சம்பளத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? ஓர் அறையில் எத்தனை பேர்? ஹாஸ்டல் வேண்டாம், வெளியே தங்குகிறேன் என்றால் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா? வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்யணும்? தனியார் பிஜி என்றால், பில்லில் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறீர்கள், மாதக் கட்டணம் ரூ.20,000-க்குள் என்றால் எதற்கு வரி என்று கேளுங்கள்.

ஐரோப்பா டூருக்கு ஒரு கட்டில் புக் பண்ணும்போது இதைவிட அதிகக் கேள்வி கேட்கிறோம். அங்கே இருக்கப்போவது நாலு ராத்திரி. இங்கே சில வருஷம்.